பனியாறு அரைத்த மாவு: அருமண் தனிமங்களை வகுப்பறையில் வரைந்து பார்ப்போம்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி அறிவியல் கண்காட்சியில் கலந்துகொண்டாள். தலைப்பு அவளே தேர்ந்தெடுத்தது: 'மலையின் கதையைச் சேறு சொல்லும்'. பனியாறுகள் பாறையை அரைத்து அனுப்பும் சேற்றில் உள்ள அருமண் தனிமங்களைக் கொண்டு, அந்தச் சேறு எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று அறிவியலாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை எங்கோ படித்திருக்கிறாள். ஒரு களிப்பாறையின் தனிம அளவுகளைத் தேடி எடுத்து, பெரிய அட்டையில் பட்டை வரைபடமாக வரைந்தாள். அதில் சீரியம் மட்டும் கோபுரம்போல் உயர்ந்து நின்றது. "சார், இது ஏன் இவ்வளவு உயரம்?" என்று கேட்டாள். "இந்தச் சேறு வந்த பாறையில் சீரியம் அதிகம் இருந்திருக்கும். அதுதான் அந்தப் பாறையின் அடையாளம்" என்றேன். அவளும் அப்படியே மனப்பாடம் செய்துகொண்டாள்.

கண்காட்சியில் நடுவராக வந்தவர் விளக்கத்தை முழுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எந்த மண்ணில் சீரியம் இப்படி உயர்ந்து நிற்காமல் இருக்கும் அம்மா?" அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அட்டையைப் பார்த்தேன். இருவருக்கும் பதில் தெரியவில்லை. அவள் அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. அவள் வரைந்ததில் பிழை எதுவும் இல்லை. பிழை நான் சொல்லிக்கொடுத்த விளக்கத்தில் இருந்தது.

இருபது ஆண்டுகளாக வேதியியல் கற்பிக்கிறேன். 'இடைநிலை மற்றும் உள்இடைநிலைத் தனிமங்கள்' பாடத்தில் லாந்தனைடுகள் வரும்போது எலக்ட்ரான் அமைப்பு, லாந்தனைடு குறுக்கம், ஆக்சிஜனேற்ற நிலை என மூன்று வினாக்களுக்கு விடை எழுதவைத்துவிட்டுக் கடந்துபோவதுதான் என் வழக்கம். அட்டவணையின் அடியில் தனியாக ஒதுக்கி வைக்கப்பட்ட அந்த வரிசையை நானும் ஒதுக்கியே வைத்திருந்தேன். அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் இதை முறையாகப் படிக்கத் தொடங்கினேன். படித்ததையும் வகுப்பில் செய்து பார்த்ததையும் இங்கே பகிர்கிறேன்.

அரிதல்லாத அருமண்

லாந்தனம் (அணு எண் 57) முதல் லுட்டீசியம் (71) வரை 15 தனிமங்கள், அவற்றுடன் ஸ்காண்டியம், யிட்ரியம் ஆகிய இரண்டும் சேர்த்து 17 தனிமங்களை அருமண் தனிமங்கள் என்கிறோம். இவற்றுள் புரோமித்தியம் கதிரியக்கத்தால் சிதைந்துவிடுவதால் பாறைகளில் அளவிடும்படி இருப்பதில்லை. ஆகவே புவி வேதியியலில் வரைபடம் வரையும்போது பெரும்பாலும் 14 லாந்தனைடுகளையே எடுத்துக்கொள்வார்கள்.

பெயரில் 'அரு' இருந்தாலும் இவை அவ்வளவு அரியவை அல்ல. கண்டங்களின் மேல்புறப் பாறைகளில் செம்பைவிடச் சீரியம் அதிகம். இவற்றிலேயே மிகக் குறைவாகக் கிடைப்பவற்றுள் ஒன்றான லுட்டீசியம்கூட வெள்ளியைவிட அதிகம். ஆனால் இவை ஓரிடத்தில் திரண்டு தாதுவாகக் கிடைப்பது குறைவு. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பதும் கடினம். அதனால்தான் அந்தப் பெயர். சுவீடனில் உள்ள யிட்டர்பி என்ற சிற்றூரின் சுரங்கத்தில் கிடைத்த கருங்கனிமத்தை 1794இல் யோகான் கடோலின் ஆராய்ந்தார். பின்னர் அந்த ஒரே ஊரின் பெயரை உடைத்து யிட்ரியம், டெர்பியம், எர்பியம், யிட்டர்பியம் என நான்கு தனிமங்களுக்குச் சூட்டினார்கள். மாணவர்களுக்கு இந்த நான்கு பெயர்களும் குழம்பும். ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

ஒரே மாதிரியான பதினான்கு பேர்

புவி வேதியியலாளர்கள் இவற்றை விரும்புவதற்கான காரணம் நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. எல்லாமே பெரும்பாலும் +3 அயனிகள். லாந்தனத்திலிருந்து லுட்டீசியம் வரை போகப்போக அயனி ஆரம் சுமார் 103 பிக்கோமீட்டரிலிருந்து 86 பிக்கோமீட்டருக்குப் படிப்படியாகச் சுருங்குகிறது. இதுதான் லாந்தனைடு குறுக்கம். ஒரே மின்சுமை, சற்றே மாறும் உருவளவு. உயரத்தில் மட்டும் ஒரு விரற்கடை வேறுபடும் பதினான்கு பேர் வரிசையாக நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பாறை உருகும்போது உருவில் பெரியவை (லேசான அருமண் தனிமங்கள்) திண்மக் கனிமங்களுக்குள் இடம் கிடைக்காமல் உருகிய குழம்புக்குள் எளிதாகப் போய்விடும். சிறியவை (கனமான அருமண் தனிமங்கள்) ஓரளவு கனிமங்களுக்குள்ளேயே தங்கும். நம் கண்டங்களின் மேலோடு இப்படி உருகி மேலே வந்த பொருளால் ஆனது. ஆகவே அதில் லாந்தனம், சீரியம் பக்கம் செறிவு கூடியிருக்கும்.

இந்த வரிசையில் இருவர் மட்டும் சில நேரம் ஒழுங்கை மீறுவார்கள். யூரோப்பியம் +2 நிலைக்கும் போகும். அப்போது அதன் அளவு ஏறக்குறைய ஸ்ட்ரான்ஷியம் அயனியின் அளவு. கால்சியம் உள்ள பிளேஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் கனிமம் அதை இழுத்து வைத்துக்கொள்ளும். சீரியம் ஆக்சிஜன் மிகுந்த நீரில் +4 நிலைக்குப் போய், கரையாமல் படிந்துவிடும். ஒரு சேற்றின் வரைபடத்தில் இந்த இரண்டு இடங்களில் பள்ளமோ மேடோ தெரிந்தால் அதற்கு ஒரு காரணம் உண்டு. மற்ற இடங்களில் கோடு வழவழப்பாகவே போகவேண்டும்.

சீரியம் பற்றி நான் சொன்னது ஏன் தவறு?

இப்போது அந்த நடுவரின் கேள்விக்கு வருவோம். சீரியம் உயர்ந்து நிற்காத மண் கிட்டத்தட்ட எங்கும் இல்லை. இரட்டைப்படை அணு எண் கொண்ட தனிமங்கள், அக்கம்பக்கத்தில் உள்ள ஒற்றைப்படைத் தனிமங்களைவிட இயற்கையில் அதிகமாக இருக்கும். அணுக்கருவில் புரோட்டான்கள் இணையிணையாக அமைவது கூடுதல் நிலைத்தன்மை தருகிறது. 1914இல் ஓடோவும் 1917இல் ஹார்கின்ஸும் இதைச் சுட்டிக்காட்டியதால் இதற்கு ஓடோ–ஹார்கின்ஸ் விதி என்று பெயர். சீரியத்தின் அணு எண் 58. லாந்தனம் 57, பிரசியோடைமியம் 59. ஆகவே சீரியம் இரண்டையும் தாண்டி நிற்பது நட்சத்திரங்களுக்குள் அணுக்கள் உருவான காலத்திலேயே தீர்மானமான விஷயம். பாறையின் தனித்த அடையாளமாக அதை நான் சொன்னது, ஒரு வகுப்பில் எல்லோருக்கும் இரண்டு கை இருப்பதைக் காட்டி 'இவர்கள் ஒரே குடும்பம்' என்று சொன்னதுபோல்.

அடையாளத்தைக் காண முதலில் பொதுவானதை நீக்கவேண்டும். அதற்கு வழி வகுத்தல். சூரியக் குடும்பம் உருவானபோது திரண்டு, பிறகு உருகாமல் அப்படியே எஞ்சிய காண்டிரைட் என்ற விண்கற்களில் உள்ள அளவால் ஒவ்வொரு தனிமத்தின் அளவையும் வகுத்துவிட்டால், எல்லாவற்றுக்கும் பொதுவான ஏற்ற இறக்கம் அடிபட்டுப் போகும். எஞ்சுவது அந்தப் பாறைக்கே உரிய வரலாறு. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் அகிமாசா மசூதாவும் அமெரிக்காவின் கோரியலும் தனித்தனியே இந்த முறையைப் பயன்படுத்தியதால் இவ்வரைபடம் மசூதா–கோரியல் வரைபடம் எனப்படுகிறது.

வகுப்பில் இதைச் செய்து பார்க்க ஒரு தரவுத் தொகுதி தருகிறேன். முதல் எண், ஆஸ்திரேலியக் களிப்பாறைகளின் சராசரி. எஸ்.ஆர். டெய்லரும் எஸ்.எம். மெக்லெனனும் கண்ட மேலோட்டின் மாதிரியாக இதை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் எண் விண்கல்லில் உள்ள அளவு. இரண்டும் பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்ற அலகில். மூன்றாவது, முதலாவதை இரண்டாவதால் வகுத்த ஈவு.

லாந்தனம்: 38.2, 0.367, 104
சீரியம்: 79.6; 0.957, 83.2
பிரசியோடைமியம்: 8.83, 0.137, 64.5
நியோடைமியம்: 33.9, 0.711; 47.7
சமாரியம்: 5.55, 0.231, 24.0
யூரோப்பியம்: 1.08, 0.087, 12.4
கடோலினியம்: 4.66, 0.306, 15.2
டெர்பியம்: 0.774, 0.058; 13.3
டிஸ்ப்ரோசியம்: 4.68, 0.381; 12.3
ஹோல்மியம்: 0.991, 0.0851, 11.6
எர்பியம்: 2.85, 0.249; 11.4
தூலியம்: 0.405, 0.0356, 11.4
யிட்டர்பியம்: 2.82, 0.248, 11.4
லுட்டீசியம்: 0.433, 0.0381; 11.4

மூன்றாம் எண்ணை மாணவர்களுக்கு முதலில் தரவேண்டாம். முதல் எண்ணை மட்டும் தந்து வரையச் சொல்லுங்கள். ரம்பப் பற்கள்போல மேலும் கீழுமாக ஒரு கோடு வரும். பிறகு இரண்டாவது எண்ணை வரையச் சொல்லுங்கள். அதிலும் அதே ரம்பம். "இரண்டு வரைபடத்திலும் பொதுவாக என்ன இருக்கிறது?" என்று கேட்டுச் சற்று நேரம் விட்டுவிடுங்கள். 'வகுத்துப் பார்ப்போமா' என்று ஒருவராவது சொல்வார். சொல்லாவிட்டால் நாம் சொல்லலாம். மூன்றாவது வரைபடத்துக்கு அரை மடக்கை வரைதாள் தேவை. எங்கள் பள்ளியில் அது எப்போதும் இருப்பதில்லை. மடக்கை அட்டவணையில் மதிப்பைப் பார்த்துச் சாதாரண வரைதாளிலேயே குறித்துவிடலாம். லாந்தனம் 2.02, யூரோப்பியம் 1.09, லுட்டீசியம் 1.06 என்று வரும்.

ரம்பம் மறைந்து, இடமிருந்து வலமாகச் சரிந்து பிறகு சமதளமாகும் ஒரு கோடு கிடைக்கும். சீரியக் கோபுரம் காணாமல் போயிருக்கும். அதற்குப் பதில், முதல் வரைபடத்தில் யாரும் கவனிக்காத யூரோப்பியத்தில் ஒரு பள்ளம் தெரியும். சமாரியமும் கடோலினியமும் 24.0, 15.2. இவற்றின் பெருக்குச் சராசரி 19.1. யூரோப்பியம் இருக்கவேண்டிய இடம் அது. இருப்பது 12.4. இரண்டின் விகிதம் 0.65. கண்ட மேலோட்டின் ஆழத்தில் ஃபெல்ட்ஸ்பார் யூரோப்பியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டதால் மேலே வந்த பாறைகளில் ஏற்பட்ட குறை அது. என் மாணவி கோபுரத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, சொல்லவேண்டிய செய்தி இந்தப் பள்ளத்தில் இருந்தது.

ஏன் பனியாற்றுச் சேறு?

எந்தச் சேற்றையும் எடுத்து இப்படி வரையலாமே, பனியாறு எதற்கு என்று கேட்கலாம். நம் ஊர்ச் செம்மண்ணை நினைத்துப் பாருங்கள். வெப்பமும் மழையும் சேர்ந்து பாறையை வேதிவினையால் சிதைத்து, கால்சியம், சோடியம் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு போய், இரும்பையும் அலுமினியத்தையும் மிச்சம் விட்ட மண் அது. மூலப்பாறைக்கும் மண்ணுக்கும் இடையில் நிறைய நடந்துவிட்டது. பனியாறு அப்படியல்ல. அடியில் உறைந்து சிக்கிய கற்களைக் கொண்டு, தான் போகும் தடத்துப் பாறையை உப்புத்தாள்போல் தேய்க்கிறது. குளிரில் வேதிவினைகள் மெதுவாக நடக்கும். அரைத்த பொருள் விரைவாக வெளியேறியும் விடும். கிடைப்பது பாறை மாவு: வேதியியலில் பெரிதும் மாறாத, பொடியான பாறை. பனியாற்று நீர் பால்போல் கலங்கி வருவதற்கும், அந்த நீர் சேரும் ஏரிகள் நீலப் பச்சையாக ஒளிர்வதற்கும் இந்த மாவுதான் காரணம்.

இதை அளவீட்டுக் கருவியாகவே மாற்றியவர் விக்டர் கோல்ட்ஷ்மிட். 'லாந்தனைடு குறுக்கம்' என்ற சொல்லைத் தந்தவரும் இவரே. நாம் பாடத்தில் சொல்லும் சொல்லும் இந்தக் கட்டுரையின் சேறும் ஒரே மனிதரிடம் வந்து சேர்கின்றன என்பதை நான் மிகத் தாமதமாகவே அறிந்தேன். கண்ட மேலோட்டின் சராசரி வேதியியல் அமைப்பு என்ன என்பது அன்றைய கேள்வி. அமெரிக்காவில் கிளார்க்கும் வாஷிங்டனும் 1924இல் 5,159 தீப்பாறைப் பகுப்பாய்வுகளின் சராசரியைக் கணக்கிட்டார்கள். கோல்ட்ஷ்மிட் வேறுவிதமாக யோசித்தார். ஒரு காலத்தில் ஸ்காண்டிநேவியா முழுவதையும் மூடியிருந்த பனிப்பாளம் பல்வேறு பாறைகளையும் அரைத்துக் கலந்து, அந்த மாவைத் தெற்கு நார்வேயில் களிமண்ணாகப் படியவிட்டிருக்கிறது. சராசரி எடுக்கும் வேலையை இயற்கையே செய்து முடித்துவிட்டதே! 1933இல் அவர் வெளியிட்ட கணக்கு 77 பனியாற்றுக் களிமண் மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டது. விடை, அந்த 5,159 பகுப்பாய்வுகளின் சராசரிக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமாக இருந்தது. சோடியமும் கால்சியமும் மட்டும் சற்றுக் குறைவு. எளிதில் கரையக்கூடிய இந்த இரண்டும் பனியாற்று நீரிலும் கொஞ்சம் தப்பித்துவிட்டன. மாறாத மாவிலும் சிறிய மாற்றம் உண்டு என்பதை இந்தக் குறை நமக்குச் சொல்லித் தருகிறது. அருமண் தனிமங்கள் அவ்வளவு எளிதில் கரைவதில்லை. ஆகவே அவற்றை நம்பலாம்.

யூதரான கோல்ட்ஷ்மிட் நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் 1942இல் நார்வேயில் கைது செய்யப்பட்டு, பின்னர் சுவீடனுக்குத் தப்பிச் சென்றவர். விஞ்ஞானிகளின் வாழ்க்கையைத் தேடிப் படிக்கும் மாணவர்களுக்கு இவர் பெயரைக் கொடுங்கள்.

இதே உத்தி இன்றும் உயிருடன் இருக்கிறது. 2016இல் காஷ்னிக், ரட்னிக் முதலானோர் பழங்காலப் பனியாறுகள் விட்டுச்சென்ற கலவைப் பாறைகளைப் பகுத்தாய்ந்தார்கள். சுமார் 290 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 30 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை வெவ்வேறு பனியுகங்களைச் சேர்ந்தவை அவை. ஒவ்வொரு காலத்திலும் கண்டங்களின் மேற்புறம் எதனால் ஆகியிருந்தது, அது எப்படி மாறியது என்பதை அவற்றிலிருந்து படித்தார்கள்.

கோமுகத்துச் சேறு: ஒரு கலவைக் கணக்கு

நார்வே தொலைவு என்றால் இமயமலைக்கு வரலாம். சுமார் 30 கி.மீ. நீளமுள்ள கங்கோத்ரி பனியாற்றின் வாயிலான கோமுகத்திலிருந்து பாகீரதி ஆறு சாம்பல் நிறக் கலங்கலாகப் புறப்படுகிறது. அதன் மேலே நிற்கும் பாகீரதி சிகரங்களின் நிழற்படத்தை வகுப்பில் காட்டுங்கள். கீழே வெளிர்நிற கிரானைட், உச்சியில் தொப்பி வைத்ததுபோல் கறுத்த படிவுப்பாறை. கண்ணுக்கே தெரியும் இரு நிறங்கள். இரண்டும் அரைபட்டு ஒரே ஆற்றில் சாம்பல் மாவாகக் கலந்துவிட்டால், எது எவ்வளவு என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. அருமண் தனிமங்களை வைத்துச் சொல்ல முடியும். இமயத்தின் இந்த வகை வெளிர் கிரானைட்டில் பொதுவாக அருமண் தனிமங்கள் குறைவு, யூரோப்பியப் பள்ளம் ஆழம். களிமண்ணால் ஆன படிவுப்பாறைகளில் அளவு அதிகம், பள்ளம் மிதமானது.

இதற்காக வகுப்பில் ஒரு கணக்குத் தருகிறேன். கிரானைட்டுக்கான எண்கள் கணக்குக்காக நானே எடுத்துக்கொண்டவை. ஆய்வக அளவீடுகள் அல்ல. விண்கல்லால் வகுத்த மதிப்புகள்: கிரானைட்டில் சமாரியம் 10, யூரோப்பியம் 3, கடோலினியம் 10. யூரோப்பிய விகிதம் 0.30. கறுப்புப் பாறைக்கு மேலே கண்ட களிப்பாறையின் மதிப்புகளையே வைத்துக்கொள்வோம்: 24.0, 12.4, 15.2, விகிதம் 0.65. இரண்டும் சம எடையில் கலந்த சேற்றின் விகிதம் என்ன?

பெரும்பாலான மாணவர்கள் உடனே இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 0.475 என்பார்கள். கரும்பலகையில் அதை எழுதி வைத்துவிட்டு, தனிமம் தனிமமாகக் கலக்கச் சொல்லுங்கள். சமாரியம் 17.0, யூரோப்பியம் 7.7, கடோலினியம் 12.6. பெருக்குச் சராசரி 14.6. விகிதம் 0.53. ஏன் கறுப்புப் பாறையின் பக்கம் சாய்ந்தது? அதனிடம் அருமண் தனிமங்கள் அதிகம்; ஆகவே கலவையில் அதன் குரல் ஓங்கி ஒலிக்கிறது. செறிவுகளைச் சராசரி எடுக்கலாம், விகிதங்களை அப்படி எடுக்கக்கூடாது என்பது வேதியியல் வகுப்பைத் தாண்டியும் பயன்படும் பாடம். பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியர் ஒருவர் இந்தக் கணக்கைத் தன் வகுப்புக்கும் எடுத்துச் சென்றார்.

ஆறு இன்னும் கீழே போகப்போக வேறு பாறைகளின் மாவும், துணையாறுகளின் மண்ணும் சேரும். பாகீரதியின் வண்டல் தெஹ்ரி நீர்த்தேக்கத்தில் படியும்போது அது கோமுகத்தின் கதையை மட்டும் சொல்லாது. எங்கே மாதிரி எடுக்கிறோமோ அதற்கு மேலே உள்ள வடிநிலம் முழுவதும் அதில் பேசும்.

ஏரி வைத்திருக்கும் நாட்குறிப்பு

ஆற்றுச் சேறு இன்றைய நிலையைச் சொல்லும். ஏரியின் அடிப்படிவு வரிசையாக எழுதி வைக்கும். பனியாற்று நீர் வந்து சேரும் ஏரிகளில் கோடையில் உருகுநீர் பெருகி, சற்றுப் பருமனான வெளிர் அடுக்கு படிகிறது. குளிர்காலத்தில் மேற்பரப்பு உறைந்து நீர் அசையாமல் இருக்கும்போது மிக நுண்ணிய களிமண் இறங்கி, கருமையான மெல்லிய அடுக்காகிறது. ஓர் ஆண்டுக்கு ஒரு ஜோடி. மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல இவற்றை எண்ணிக் காலம் கணிக்கலாம் என்று சுவீடனின் யெரார்ட் டி யீர் காட்டினார். ஏரியின் அடியில் குழாயை இறக்கி எடுத்த மண்தூணில் அடுக்கு அடுக்காக அருமண் வரைபடத்தை வரைந்தால், எந்தக் காலத்தில் எந்தப் பாறையிலிருந்து மாவு வந்தது என்று படிக்கலாம்.

தொடக்கநிலை ஆசிரியர்கள் இதைத் தனிமப் பெயர் எதுவும் இல்லாமலே செய்யலாம். ஒரு செங்கல் துண்டு, ஒரு வெள்ளைச் சுண்ணக்கட்டி, ஒரு கரடுமுரடான கல். மாணவர்கள் செங்கல்லைத் தேய்த்து எடுத்த தூளைக் கண்ணாடிக் குடுவையில் உள்ள நீரில் போட்டு ஒரு நாள் விடட்டும். மறுநாள் சுண்ணக்கட்டித் தூள், அதற்கடுத்த நாள் இரண்டும் கலந்தது. அடியில் சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு என மூன்று அடுக்குகள். 'முதலில் எந்தக் கல்லைத் தேய்த்தோம்?' என்று வேறு வகுப்புப் பிள்ளைகளைக் கேளுங்கள். பார்க்காத நிகழ்வை அடுக்கிலிருந்து சொல்லிவிடுவார்கள். குடுவையை ஆட்டாமல் வைப்பதுதான் கடினமான வேலை. எங்கள் பள்ளியில் இரண்டு முறை ஆட்டிவிட்டார்கள். மணல் சில விநாடிகளில் இறங்குவதையும், மிக நுண்ணிய தூள் மறுநாளும் கலங்கலாக நிற்பதையும் அவர்களே கவனிப்பார்கள். ஆயிரத்தில் 2 மி.மீ. விட்டமுள்ள துகள் அசையாத நீரில் ஒரு நாளைக்குச் சுமார் 30 செ.மீ. மட்டுமே இறங்கும்.

எங்கே ஏமாறலாம்?

நான் ஒருமுறை ஏமாந்தவன் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். முதலாவது, துகளின் அளவு. குவார்ட்ஸ் மணலில் அருமண் தனிமங்கள் மிகக் குறைவு. ஒரே பாறையிலிருந்து வந்த சேற்றில் மணல் கூடினால் எல்லாத் தனிமங்களின் அளவும் குறைந்து தெரியும். கோட்டின் வடிவம் ஏறக்குறைய அப்படியே இருக்கும், உயரம் மட்டும் தாழும். அதை வேறு பாறை என்று எண்ணிவிடக்கூடாது. அதனால்தான் ஆய்வாளர்கள் சேற்றைச் சலித்து, ஒரே அளவுள்ள துகள்களை ஒப்பிடுகிறார்கள்.

இரண்டாவது, சில கனமான கனிமங்கள். மோனசைட் என்ற கனிமம் லேசான அருமண் தனிமங்களின் பெட்டகம். சிர்க்கான், கார்னெட் இரண்டும் கனமானவற்றை வைத்திருப்பவை. ஓட்டம் வேகமாக உள்ள இடத்தில் இந்தக் கனிமங்கள் ஓரிடத்தில் ஒதுங்கிவிடும். ஒரு சிட்டிகை மாதிரியில் சில மோனசைட் மணிகள் கூடுதலாக விழுந்தாலே கோட்டின் இடதுபுறம் எகிறிவிடும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலைப் பார்த்த மாணவர்களுக்கு இது உடனே புரியும். பனியாறு அங்கே இல்லை. ஆனால் அலை கனமான மணிகளைப் பிரித்து ஒதுக்கும் அதே வேலையை அங்கே நேரில் காணலாம்.

மூன்றாவது, நீரில் கரைந்ததும் சேற்றில் இருப்பதும் ஒன்றல்ல. பனியாற்று நீரை நுண்வடிகட்டியில் வடித்தாலும், வடிகட்டியின் துளையைவிடச் சிறிய கூழ்மத் துகள்கள் உள்ளே வந்துவிடும். கரைந்தவை என்று நாம் எண்ணும் அருமண் தனிமங்களில் கணிசமான பங்கு இந்தக் கூழ்மங்களின் மேல் ஒட்டிக்கொண்டு வருவதுதான். நீரின் அமிலத்தன்மை கூடினால் உண்மையிலேயே கரைவதும் கூடும். மேற்பரப்பு வேதியியல் பாடத்தில் கூழ்மத்தை நடத்தும்போது இதை ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். பாலும் புகையும் சொல்லிச் சொல்லி நமக்கே சலித்துவிட்டது.

இப்போதெல்லாம் லாந்தனைடு பாடத்தை அந்த நடுவரின் கேள்வியோடுதான் தொடங்குகிறேன். மொத்தம் இரண்டு பாடவேளைகள் பிடிக்கும். முதல் வேளையில் மூன்று வரைபடங்கள், இரண்டாவதில் கலவைக் கணக்கு. தேர்வுக்கான மூன்று வினாக்களும் இதற்குள்ளேயே வந்துவிடுவதால் நேரம் வீணாவதில்லை. கண்காட்சிக்குப் போன மாணவியின் அட்டை இன்னும் எங்கள் ஆய்வகத்தில் இருக்கிறது. அதைக் கழற்றவில்லை. பக்கத்தில், விண்கல்லால் வகுத்து வரைந்த தாளை ஒட்டியிருக்கிறோம்.

சென்ற பருவத்தில் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவன் கேட்டான்: "சார், பனியாறு உருகிச் சுருங்கி, கறுப்புப் பாறையை விட்டு விலகி கிரானைட்மேல் மட்டும் நின்றால், ஏரிச் சேற்றில் பள்ளம் ஆழமாகுமா?" ஆகும் என்றேன். "அப்படியானால் எந்த ஆண்டு விலகியது என்று அடுக்கை எண்ணிச் சொல்லிவிடலாமே?" என்றான். துகள் அளவு மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும் என்று சொல்லி, சல்லடையை எடுத்துவரச் சொன்னேன்.